பிரிக்கும் முன் ஒரு நிமிடம்: உலக அஞ்சல்தலைத் தொகுப்பை ஒழுங்கு செய்வது எப்படி?



போன செமஸ்டர் விடுமுறையில் வீட்டு ஸ்டோரைச் சுத்தம் செய்யும்போது ஒரு பழைய பிஸ்கட் டின் கிடைத்தது. உள்ளே தாத்தா சேர்த்து வைத்த அஞ்சல்தலைகள். தாத்தா தோட்டத்து ஆபீசில் கிராணியாக இருந்தவர். ஆபீசுக்கு வரும் வெளிநாட்டுக் கடிதங்களில் இருந்த தலைகளைக் கேட்டு வாங்கிச் சேர்த்திருக்கிறார். எண்ணிப் பார்த்தால் 1,400க்கு மேல். விஷயம் தெரிந்ததும் சொந்தக்காரர்களும் நண்பர்களும் ஆளுக்கு ஒரு கவர் கொண்டுவந்து கொடுக்க, இப்போது 2,000-ஐத் தாண்டிவிட்டது.

ஒரு வாரத்தில் முடித்துவிடலாம்னு நினைத்தேன். மூன்று மாதம் ஆகிவிட்டது, இன்னும் முடியவில்லை. அதில் முதல் நாளே ஒரு பெரிய தப்பும் செய்தேன். நீங்கள் அதைச் செய்யாமல் இருக்கத்தான் இந்தப் பாடம்.

முதல் நாள் செய்த தப்பு

டின்னுக்கு அடியில் ஒரு கட்டுக் கடித உறைகள் இருந்தன. தாத்தாவின் அக்கா தமிழ்நாட்டிலிருந்து எழுதியவை. உள்ளே கடிதம் எதுவும் இல்லை, உறை மட்டும்தான். நமக்குத் தலைதானே வேணும் என்று ஒவ்வோர் உறையின் மூலையையும் வெட்டித் தண்ணீரில் போட்டேன். மிச்சக் காகிதம் குப்பைக்குப் போனது.

இரண்டு நாள் கழித்துப் பாட்டி கேட்டார்: "தம்பி, தஞ்சாவூரு கடுதாசி கவரெல்லாம் எங்கய்யா வச்ச? அதுலதான் நம்ம ஊரு பேரு இருக்கும்."

குப்பை லோரி அன்று காலையே வந்து போய்விட்டது. எங்கள் குடும்பத்தில் பூர்வீக ஊரைப் பற்றி இப்போது தெரிந்தது 'தஞ்சாவூர் பக்கம்' என்பது மட்டும்தான். மிஞ்சிய தலைகளில் ஒன்றின்மேல் அஞ்சல் முத்திரையின் பாதி வட்டம் இருக்கிறது. ஆங்கில எழுத்தில் '...குடி' என்று முடிகிறது. தஞ்சாவூர் பக்கம் குடி என்று முடிகிற ஊர் எத்தனை இருக்கும், நீங்களே சொல்லுங்க.

ஆகவே முதல் விதி: ஒரு பொருளைப் பிரிக்கும் முன், அது எதோடு சேர்ந்து இருந்தது என்று பாருங்கள். தலை உறையோடு இருந்தால், முத்திரையும் முகவரியும் தெளிவாக இருந்தால், வெட்டவே வேண்டாம். உறையை முழுசாக வைத்துக்கொள்ளுங்கள். பிறகு எப்போது வேண்டுமானாலும் வெட்டலாம். வெட்டியதைத் திரும்ப ஒட்ட முடியாது.

படி 1: கருவிகளும் ஊறவைத்தலும்

நமக்கு வேண்டியவை கொஞ்சம்தான்: முனை தட்டையான அஞ்சல்தலை இடுக்கி, ஒரு பூதக்கண்ணாடி, ஸ்டாக்புக் ஒன்று, சிறிய காகித உறைகள். கையால் தொடாதீர்கள், விரலின் வியர்வையும் எண்ணெயும் கறையாகும். செலோடேப், கோந்து இரண்டும் பக்கத்திலேயே வரக்கூடாது.

வெறும் காகிதத் துண்டில் ஒட்டியிருக்கும் சாதாரணத் தலைகளை மட்டும் வெதுவெதுப்பான தண்ணீரில் போடுங்கள். பதினைந்து இருபது நிமிடத்தில் தானாகக் கழன்றுவிடும், இழுக்க வேண்டாம். சிவப்பு, பச்சைக் காகிதத் துண்டுகளைத் தனியாக ஊறவையுங்கள், இல்லாவிட்டால் சாயம் மற்றதில் ஏறிவிடும். இப்போது வரும் ஸ்டிக்கர் வகைத் தலைகள் பல தண்ணீரில் கழலாது. அவற்றைச் சுற்றிக் கொஞ்சம் காகிதம் விட்டு வெட்டி அப்படியே வைப்பதுதான் நல்லது. கழன்றவற்றை வெள்ளைக் காகிதத்தில் கவிழ்த்து உலர்த்தி, கனமான புத்தகத்துக்கு அடியில் ஓர் இரவு வைத்தால் சுருள் போய்விடும்.

படி 2: முதலில் பெரிய கூறு, பிறகு சிறிய கூறு

2,000 தலைகளை எடுத்த எடுப்பிலேயே நூறு நாடுகளாகப் பிரிக்கப் பார்த்தால் மேசை போதாது, மூளையும் போதாது. நான் முதல் சுற்றில் ஏழு பெட்டிதான் வைத்தேன்: ஆசியா, ஐரோப்பா, ஆப்பிரிக்கா, வட அமெரிக்கா, தென் அமெரிக்கா, ஓசியானியா, அப்புறம் 'தெரியாது'. இரண்டாம் சுற்றில் ஒரு பெட்டியை மட்டும் திறந்து நாடு வாரியாகப் பிரித்தேன். கணினிப் பாடத்தில் நாங்கள் படிக்கும் வரிசைப்படுத்தும் முறைகளில் இதுவும் ஒன்று. ஒரே நேரத்தில் சின்ன முடிவை மட்டும் எடுத்தால் வேலை வேகமாக நடக்கும்.

'தெரியாது' பெட்டிக்கு வெட்கப்படாதீர்கள். முதல் சுற்றில் அதுதான் நிறையும். காரணம், பல நாடுகள் தங்கள் பெயரைத் தங்கள் மொழியில் அச்சிடுகின்றன. சில குறிப்புகள்:

ஹெல்வெசியா என்றால் சுவிட்சர்லாந்து. அங்கே நான்கு மொழிகள் இருப்பதால் பொதுவாக இலத்தீன் பெயர்.
ஹெல்லாஸ் என்றால் கிரேக்கம். மேலே உள்ளதோடு குழப்பிக்கொள்ளாதீர்கள்.
மாகியார் என்றால் ஹங்கேரி.
சுவோமி என்றால் பின்லாந்து.
ஸ்வேரிகே என்றால் சுவீடன்.
ஆங்கில 'சி' மூன்றும் 'பி' ஒன்றும் போலத் தெரிந்தால் அது சோவியத் யூனியன். ரஷ்ய எழுத்தில் அது எஸ்.எஸ்.எஸ்.ஆர்.
நிப்பான் என்றால் ஜப்பான்.

நாட்டின் பெயரே இல்லாமல் ராணி அல்லது ராஜாவின் தலை மட்டும் இருந்தால்? அது பிரிட்டன். உலகின் முதல் ஒட்டும் அஞ்சல்தலையான பென்னி பிளாக்கை 1840 மே மாதத்தில் வெளியிட்டது அவர்கள்தான். அப்போது வேறு எந்த நாட்டிலும் அஞ்சல்தலை இல்லாததால் பெயர் போடத் தேவை இருக்கவில்லை. அந்த வழக்கம் இன்றுவரை தொடர்கிறது.

படி 3: இல்லாத நாடுகளை எங்கே வைப்பது?

இங்கேதான் எனக்கு உண்மையான தலைவலி வந்தது. கிழக்கு ஜெர்மனி 1990-இல் மறைந்துவிட்டது. செக்கோஸ்லோவாக்கியா 1993-இல் இரண்டானது. சிலோன் 1972-இல் ஸ்ரீ லங்கா ஆனது. இவற்றை எந்தப் பக்கத்தில் வைப்பது?

இந்தியாவில் இன்னும் சுவாரசியம். சுதந்திரத்துக்கு முன் திருவிதாங்கூர் போன்ற சமஸ்தானங்கள் சொந்தமாக அஞ்சல்தலை வெளியிட்டன. 1888-இல் வந்த திருவிதாங்கூரின் முதல் தலைகளில் இருப்பது சங்கு, ஸ்ரீ பத்மநாப சுவாமியின் சின்னம். அந்தச் சமஸ்தானத்துத் தபால் சேவையின் பெயரே 'அஞ்சல்'தான்.

சரி, நம்ம நாட்டையே எடுத்துக்கொள்வோம். நீரிணைக் குடியேற்றப் பகுதிகளான பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூரில் 1867 வரை இந்தியத் தலைகளையே பயன்படுத்தினார்கள். அந்த ஆண்டு, அதே இந்தியத் தலைகளின்மேல் கிரீடத்தையும் 'சென்ட்' மதிப்பையும் அச்சடித்து வெளியிட்டார்கள். 1900-இல் கூட்டு மலாய் மாநிலங்களின் பாயும் புலி வந்தது. 1942-இல் ஜப்பானியர் வந்ததும் பழைய தலைகளின்மேல் தங்கள் எழுத்தை அச்சடித்தார்கள். சிலவற்றில் 2602 என்று இருக்கும். அது அவர்கள் நாட்காட்டியின்படி 1942. போர் முடிந்து 1945-இல் மீண்டும் அதே பழைய தலைகளின்மேல் 'பி.எம்.ஏ. மலாயா' என்ற பிரிட்டிஷ் இராணுவ நிர்வாகத்தின் எழுத்து வந்தது. பிறகு 1957-இல் மலாயாக் கூட்டரசு, 1963-இல் மலேசியா, 1965-இல் சிங்கப்பூர் தனி நாடு.

அதற்குப் பிறகும் முடியவில்லை. 1971-இல் வந்த வண்ணத்துப்பூச்சித் தலைகளைப் பாருங்கள். பூச்சி ஒன்றுதான், ஆனால் ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனித்தனி வெளியீடு. பெயரையும், சுல்தான் படம் அல்லது மாநிலச் சின்னத்தையும் பார்க்காமல் 'ஒரே தலை நாலு இருக்கு' என்று நண்பனுக்குத் தூக்கிக் கொடுத்துவிடாதீர்கள். நான் கிட்டத்தட்டக் கொடுத்துவிட்டேன்!

இங்கே இன்னொன்றையும் கவனியுங்கள். 1867-க்கு முந்தைய இந்தியத் தலை ஒன்று சிங்கப்பூரில் பயன்பட்டதா, கல்கத்தாவில் பயன்பட்டதா என்று எப்படித் தெரியும்? தலையைப் பார்த்துத் தெரியாது. அதன்மேல் விழுந்த முத்திரையைப் பார்த்துத்தான் தெரியும். பாட்டி கேட்டதும் அந்த முத்திரையைத்தான்.

நான் வைத்துக்கொண்ட விதி எளிது: தலையில் என்ன பெயர் அச்சாகியிருக்கிறதோ, அந்தப் பெயரில் ஒரு பக்கம். மேலே வேறு எழுத்து அச்சாகியிருந்தால், கடைசியாக அச்சானதற்கே முன்னுரிமை. இன்றைய நாட்டின் பக்கத்தில் 'சிலோனையும் பார்க்க' என்று ஒரு சீட்டு. உங்கள் விதி வேறாக இருக்கலாம், தப்பில்லை. ஆனால் அதை எழுதி முதல் பக்கத்தில் ஒட்டுங்கள். நாளுக்கு ஒரு விதி வைத்தால் எந்தத் தொகுப்பும் ஒழுங்காகாது.

படி 4: நாடு வாரியா, பொருள் வாரியா?

1949-இல் இந்தியா வெளியிட்ட வரிசையில் நடராஜர் இருக்கிறார். 1960-இல் திருவள்ளுவர் வந்தார். கம்போடியத் தலைகளில் அங்கோர் வாட் வருகிறது; அது முதலில் விஷ்ணுவுக்குக் கட்டிய கோயில். இவற்றை நாட்டுப் பக்கத்தில் வைப்பதா, 'நம் சமயம்' என்று தனிப் புத்தகம் போடுவதா?

இந்தக் கேள்விக்கு நம் முன்னோர் எப்போதோ பதில் கண்டுவிட்டார்கள். திருமுறை வகுப்பில் படித்திருப்பீர்கள். சிதம்பரத்தில் கரையான் அரித்த ஏடுகளிலிருந்து மிஞ்சியதை, இராஜராஜ சோழன் காலத்தில் நம்பியாண்டார் நம்பி தொகுத்தார் என்பது மரபு. முதல் மூன்று சம்பந்தர், அடுத்த மூன்று அப்பர், ஏழாவது சுந்தரர். இது ஆசிரியர் வாரி. ஒரே வகைக்குள் அடங்காத பலருடைய நூல்களுக்குப் பதினொன்றாம் திருமுறையில் இடம் கிடைத்தது. பிற்காலத்தில் பெரியபுராணம் வந்தபோது பன்னிரண்டாவதாகச் சேர்ந்தது. முன்னே இருந்த எதையும் கலைக்கத் தேவைப்படவில்லை.

அதைவிட முக்கியமானது ஒன்று இருக்கு. தேவாரப் பதிப்புகளில் பண்முறை, தலமுறை என்று இரண்டு உண்டு. பதிகங்கள் அதே பதிகங்கள்தான். பண்ணின்படி அடுக்கினால் பண்முறை, கோயிலின்படி அடுக்கினால் தலமுறை. இது எப்படிச் சாத்தியமானது? ஒவ்வொரு பதிகத்தோடும் அதன் பண்ணும் தலமும் சேர்ந்தே வந்ததால்தான். எந்த ஊர்ப் பதிகம் என்ற குறிப்பை யாராவது 'தேவையில்லை' என்று விட்டிருந்தால், தலமுறைக்கு வழியே இல்லை.

அடுக்கும் முறையை எத்தனை தடவை வேண்டுமானாலும் மாற்றலாம். தொலைந்த குறிப்பு திரும்பி வராது.

படி 5: வளர இடம் விடுங்கள்

எனவே ஒரு பதிவேடு வேண்டும். எக்செல் போதும். நான் வைத்திருக்கும் கட்டங்கள்: வரிசை எண், தலையில் உள்ள பெயர், ஆண்டு, படத்தின் பொருள், முத்திரையில் தெரியும் ஊரும் தேதியும், யார் கொடுத்தது, எந்தப் புத்தகம் எந்தப் பக்கம். தலைகளை நாடு வாரியாக வைத்துவிட்டு, எக்செலில் 'பொருள்' கட்டத்தை அடுக்கினால் சமயத் தலைகள் எல்லாம் ஒரே பட்டியலாக வந்துவிடும். தலையின் பின்னால் பேனாவால் எண் எழுதாதீர்கள். ஸ்டான்லி கிப்பன்ஸ், ஸ்காட் போன்ற பட்டியல் நூல்களின் எண்ணைக் குறிப்பதாக இருந்தால் எந்த நூல் என்றும் எழுதுங்கள், ஒவ்வொன்றிலும் எண் வேறு.

புத்தகத்தில் ஒவ்வொரு நாட்டையும் புதுப் பக்கத்தில் ஆரம்பியுங்கள், பாதிப் பக்கம் காலியாக இருக்கட்டும். பத்துக்குக் குறைவான தலை உள்ள நாடுகளைக் கண்ட வாரியாக ஒரே புத்தகத்தில் சேர்த்து வையுங்கள். இருபதைத் தாண்டியதும் தனிப் பக்கம் கொடுங்கள். எங்கள் பாடத்தில் தரவுத்தளமும் இப்படித்தான்: ஒரு பக்கம் நிரம்பினால் அந்தப் பக்கத்தை மட்டும் இரண்டாகப் பிரிக்கும், மற்றதைத் தொடாது. கழற்றிச் சேர்க்கக்கூடிய தாள்கள் உள்ள கோப்பு இதற்கு நல்ல வசதி.

கடைசியாக, நம்ம ஊர் வெக்கையும் ஈரமும். ஈரம் ஏறினால் தலையில் பழுப்புப் புள்ளிகள் வரும், தலைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். புத்தகங்களைப் படுக்கவைத்து அடுக்காமல் நிற்கவையுங்கள். பக்கத்தில் சிலிக்கா ஜெல் பொட்டலம் வையுங்கள். பி.வி.சி. பிளாஸ்டிக் உறைகள் வேண்டாம். மாதம் ஒருமுறை எடுத்துப் புரட்டிப் பாருங்கள். கரையானுக்கு நாம் இன்னொரு வாய்ப்புக் கொடுக்க வேண்டாமே.

செய்து பாருங்கள்

1. அடுத்த வகுப்புக்கு வரும்போது வீட்டில் உள்ள பழைய கடித உறை ஒன்றைக் கொண்டுவாருங்கள். வெட்டாமல்! அதிலிருந்து எத்தனை செய்திகள் தெரிகின்றன என்று குழுவாக எழுதுங்கள்.
2. ஐம்பது தலைகளை இரண்டு குழுக்கள் தனித்தனி விதியின்படி பிரியுங்கள். எங்கே வேறுபட்டீர்கள், ஏன் என்று பேசுங்கள்.
3. உங்கள் பாட்டி தாத்தாவிடம் பூர்வீக ஊரின் பெயரைக் கேட்டு, இன்றைக்கே எழுதி வையுங்கள்.

அந்த 'குடி' தலையை நான் இந்தியாவின் பக்கத்தில் வைக்கவில்லை. பதிவேட்டில் அதற்கு எண் 1. 'யார் கொடுத்தது' என்ற கட்டத்தில் தாத்தாவின் அக்கா பெயர் இருக்கிறது, பாட்டி சொன்னது. ஊர் கட்டம் மட்டும் காலியாக இருக்கிறது. பாட்டிக்கு ஏதாவது ஞாபகம் வரும்போதெல்லாம் பக்கத்தில் எழுதிக்கொண்டு வருகிறேன். போன வாரம் சொன்னார், ஊருக்கு முன்னால் ஓர் ஆறு ஓடுமாம்.