பெயர் வேண்டாத சபைகள்

அன்புள்ள தம்பி,

உன் மொழிபெயர்ப்பில் ‘மதச்சார்பற்ற தேவாலயம்’ என்று ஓரிடத்தில் எழுதியிருக்கிறாய். மூலத்தில் இருந்த சொல் ‘நான்டினாமினேஷனல்’. இரண்டு நாளாக அது என்னை உறுத்துகிறது. மதமே சாராத இடத்தில் ஞானஸ்நானம் எதற்கு, பிரசங்கம் எதற்கு?

டினாமினேஷன் என்பது ‘பெயர்’ என்ற லத்தீன் வேரிலிருந்து வந்த சொல். 100 ரூபாய்த் தாள், 500 ரூபாய்த் தாள் என்ற வகைக்கும் ஆங்கிலத்தில் அதே சொல்தான். லுத்தரன், மெதடிஸ்ட், பாப்டிஸ்ட் எல்லாம் கிறிஸ்தவத்துக்குள் வழங்கும் பெயர்கள். அப்பெயர்கள் வேண்டாம் என்பவர்கள் கிறிஸ்துவை விட்டுவிடவில்லை.

இங்கே, அப்படிப் பெயரைத் துறந்தவர்களைப் பற்றி எனக்குப் பிடித்த ஒரு கதையைச் சொல்லியே ஆகவேண்டும். 1804 ஜூன் 28. அமெரிக்காவின் கென்டக்கியில், தொடங்கி ஓராண்டுகூட ஆகாத ஸ்பிரிங்ஃபீல்டு பிரெஸ்பிட்டரி என்ற சபை நிர்வாக அமைப்பை ஆறு போதகர்கள் தாங்களே கலைத்தார்கள். எப்படி? அந்த அமைப்பே சாகும் தறுவாயில் உயில் எழுதுவதுபோல ஓர் ஆவணம் எழுதிக் கையெழுத்திட்டார்கள்! இளமையில் அதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அதிகாரத்தைத் தாமாக இறக்கிவைக்கும் மனிதர்களை அடிக்கடி பார்க்கிறோமா?

பிறகு நடந்ததையும் கேள். அறுவரில் இருவர் மணவாழ்வையே துறக்கும் ஷேக்கர் குழுவில் சேர்ந்தார்கள். இருவர் பழைய பிரெஸ்பிட்டீரியன் சபைக்கே திரும்பினார்கள். அறுவரில் ஒருவரான பார்ட்டன் ஸ்டோன் நிலைத்து நின்றார். 1832இல் அவர் ஆட்கள் கேம்பெல் என்பவரின் குழுவோடு இணைந்தார்கள். ஆனால் 1906இல் எடுத்த அமெரிக்கச் சமயக் கணக்கெடுப்பில் அந்த இயக்கம் இரண்டு பெயர்களில் பதிவானது. பெயரைத் துறந்தவர்களுக்கும் ஊர் ஒரு பெயர் வைத்துவிடுகிறது. நம்மூர்ப் பலகைகளில் ‘கிறிஸ்துவின் சபை’ என்று பார்த்திருப்பாயே, அதன் வேர் அங்கேதான்.

பெயர் வேண்டாத இத்தகைய சபையைத் தென்னிந்தியத் திருச்சபையோடு குழப்பாதே. 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை செயின்ட் ஜார்ஜ் கதீட்ரலில் பல சபைகள் கூடி ஒன்றாயின. அது ஐக்கிய சபை. தத்தம் சபையில் இருந்துகொண்டே பலர் கூடிச் செய்யும் ஊழியம் ‘பல சபையினருக்கும் பொதுவானது’. மூன்றையும் ஒரே சொல்லில் அடைப்பது சோம்பேறித்தனம். உன்னிடம் அதை நான் பொறுக்கமாட்டேன்.

ஒன்று மட்டும் உன் பக்கம். மருத்துவமனைகளிலும் விமான நிலையங்களிலும் எம்மதத்தாரும் வந்து ஜெபிக்கும் அறைக்கும் இன்று ‘நான்டினாமினேஷனல்’ என்ற சொல்லை வைக்கிறார்கள். அங்கே ‘எல்லா மதத்தினருக்கும் பொதுவான’ என்று எழுதலாம். உன் மூலத்தில் வருவதோ ஞாயிறுதோறும் ஆராதனை நடக்கும் சபை. ‘எந்தச் சபைப் பிரிவையும் சாராத’ என்று திருத்தி, அந்தப் பக்கத்தை மட்டும் மறுபடி அனுப்பு.

அன்புடன்,
உன் ஆசிரியர்