நன்றி மறவாமை, நம்பிக்கை தளராமை

விடியற்காலையில் சுப்ரபாதம் கேட்டு எழுந்து, நெற்றியில் திருநாமம் துலங்க, கத்தோலிக்கத் துறவியர் நடத்தும் பள்ளிக்குச் செல்லும் பிள்ளைகள் திருப்பதியில் உண்டு; சித்தூரிலும் உண்டு. பள்ளியின் காலைக் கூட்டத்தில் அவர்கள் கைகூப்பிச் சொல்லும் பிரார்த்தனை இயேசு பெருமானை நோக்கியது. பெற்றோர் சிலருக்கு இதனால் உள்ளூர ஒரு கலக்கம் எழுகிறது. கல்வியும் ஒழுக்கமும் தரும் பள்ளிக்கு மனமார நன்றி பாராட்டினால், குலதெய்வத்திடம் கொண்ட பக்தி குறைந்துவிடுமோ? பக்தியைக் காக்க வேண்டுமானால் நன்றியைச் சற்று அளந்துதான் காட்ட வேண்டுமோ?

இக்கலக்கம் புதிதன்று. 1888-ஆம் ஆண்டு திருத்தணியில் பிறந்த சர்வபள்ளி ராதாகிருஷ்ணன், எட்டாம் வயதில் திருப்பதியிலிருந்த லுத்தரன் மிஷன் உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்தார். அது கத்தோலிக்கப் பள்ளியன்று. எனினும் இந்துச் சிறுவனுக்கு அங்கு நேரும் சோதனை ஒன்றேதான். 1900 வரை அங்கே பயின்று, பின்னர் வேலூர் ஊரிஸ் கல்லூரியிலும், 1904 முதல் சென்னை கிறிஸ்தவக் கல்லூரியிலும் கற்றார். ஆக, பன்னிரண்டு ஆண்டுகள் அவர் கல்வி பெற்றவை அனைத்தும் கிறிஸ்தவ நிறுவனங்களே. ஆசிரியர் தினமென்று ஆண்டுதோறும் செப்டம்பர் 5-இல் கத்தோலிக்கப் பள்ளிப் பிள்ளைகளும் கொண்டாடுவது இவருடைய பிறந்தநாளைத்தான்.

மிஷன் கல்விக்கூடங்களில் இந்து சமயம் நடத்தப்பட்ட விதம் தம் மனத்தைப் புண்படுத்தியது என்று பிற்காலத்தில் அவர் ஒளிக்காமல் எழுதினார். அந்நாளில் அவரைத் தாங்கி நின்றவை சுவாமி விவேகானந்தரின் கடிதங்கள். கையெழுத்துப் படிகளாக மாணவரிடையே கைமாறி வந்த அக்கடிதங்கள் தமக்கும் தம் தோழர்க்கும் ஊட்டிய தைரியத்தை அவர் பிற்காலத்திலும் நினைவுகூர்ந்தார். ஆனால் புண்பட்ட மனத்தோடு அவர் நின்றுவிடவில்லை. பழித்துரைத்தவர்களைத் திருப்பிப் பழிக்கவும் இல்லை. அவர்கள் கேட்ட கேள்விகளையே எடுத்துக்கொண்டு, தம் சமயத்தில் உயிருள்ளது எது, உயிரற்றது எது என்று ஆராயப் புகுந்தார்.

கடோபநிஷதம் கூறும் சிரத்தை இதுவே. தந்தை தானமளித்த பசுக்கள் பால் வற்றியவை என்று கண்டபோது நசிகேதனுள் சிரத்தை புகுந்தது என்கிறது உபநிஷதம். புகுந்த சிரத்தை அவனை வாய்மூடச் செய்யவில்லை; தந்தையிடமும், பின்னர் யமனிடமும் கேள்வி கேட்கச் செய்தது. சிரத்தையைக் குருட்டு நம்பிக்கை என்று மொழிபெயர்ப்போர் இவ்விடத்தைச் சற்று நிதானித்துப் படிப்பது நல்லது.

ராதாகிருஷ்ணன் தம் முதுகலைப் பட்டத்திற்காக வேதாந்தத்தின் அறநெறியைப் பற்றி ஆய்வுரை எழுதினார். வேதாந்தத்தில் அறத்திற்கு இடமில்லை என்ற குற்றச்சாட்டுக்கு அது மறுமொழி. அதைப் படித்து மதிப்பிடுபவரோ தத்துவப் பேராசிரியர் ஏ. ஜி. ஹாக் என்னும் கிறிஸ்தவப் போதகர். அவர் மனம் வருந்துவாரோ என்று இருபது வயது மாணவர் அஞ்சினார். ஹாக் அவ்வுரையை மனமுவந்து பாராட்டினார்! 1908-இல் அது நூலாகவும் வெளிவந்தது. தம் கொள்கைக்கு மாறான உரையின் தகுதியை ஒப்புக்கொண்ட அந்த ஆசிரியரின் பெருந்தன்மை நம் வணக்கத்திற்குரியது. மாணவரும் அதை மறக்கவில்லை. மறவாத காரணத்தால் தம் கருத்தைக் கைவிடவும் இல்லை.

திருக்குறளில் செய்ந்நன்றியறிதல் பதினோராம் அதிகாரம். அதை அடுத்து வருவது நடுவுநிலைமை. ஏன் இந்த வரிசை? நன்மை செய்தாரை நினைக்கும்போது நடுவுநிலைமை சிதைந்துவிடக்கூடும். அவ்விடத்தும் அது சிதையலாகாது என்பதற்காகவே இவ்வாறு வைக்கப்பட்டது என்று பரிமேலழகர் விளக்குகிறார். நன்றி என்பது அறிவை அடகு வைப்பதன்று என்பதை நம் முன்னோர் எவ்வளவு நுட்பமாக உணர்ந்திருந்தனர்! பள்ளி செய்த நன்மைக்காக அங்கு சொல்லப்படும் யாவற்றையும் பிள்ளை ஏற்க வேண்டியதில்லை. ஏற்காத ஒன்றுக்காகப் பள்ளி செய்த நன்மையை மறக்கவும் வேண்டியதில்லை. நரேந்திரருக்குத் தட்சிணேசுவரத்துப் பரமஹம்சரைச் சுட்டிக்காட்டிய கல்லூரி முதல்வர் ஹேஸ்டி ஒரு கிறிஸ்தவப் பாதிரியார் அல்லவா?

பெற்றோர் இதில் செய்யத்தக்கது ஒன்றுண்டு. பள்ளியில் கேட்டதைப் பிள்ளை வீட்டில் சொல்லும்போது கடிந்து அடக்காமல் பதில் தேடுவது. பதில் தெரியாவிட்டால் சேர்ந்து படிப்பது. திருமலைக்குப் படியேறும்போது பேசுவதற்கு இதைவிட நல்ல பொருள் வேறென்ன?

கத்தோலிக்கக் கல்விக்கூடத்தின் மறுபக்கத்தை அப்துல் கலாம் ‘அக்கினிச் சிறகுகள்’ நூலில் காட்டுகிறார். 1950-இல் அவர் திருச்சி புனித சூசையப்பர் கல்லூரியில் சேர்ந்தார். இயேசு சபைத் துறவியர் நடத்தும் கல்லூரி அது. விடுதியில் அவரோடு ஓர் அறையில் தங்கியவர்கள் ஸ்ரீரங்கத்து ஐயங்கார் ஒருவரும் கேரளத்துச் சிரியன் கிறிஸ்தவர் ஒருவரும். விடுதிக் காப்பாளர் அருட்தந்தை சிக்வேரா இரவுதோறும் கையில் பைபிளுடன் ஒவ்வொரு மாணவரையும் பார்த்து வருவார். தீபாவளியன்று அவர் சொற்படி அறை அறையாக நல்லெண்ணெய் வழங்கப்படும், எண்ணெய்க் குளியலுக்காக. மூன்றாம் ஆண்டில் கலாம் சைவ உணவுக்கூடத்தின் செயலாளரானார். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாணவர்கள் அதிபர் அருட்தந்தை களத்திலை மதிய உணவுக்கு அழைத்தனர். அவரவர் வீட்டுப் பக்குவத்தில் சிறந்தவற்றைப் பரிமாறினர். அத்தந்தையும் ஒரு குழந்தையின் உற்சாகத்தோடு அவர்களிடையே அமர்ந்து பேசி மகிழ்ந்தார்.