நிறம் பார்க்காத சட்டம்

பத்தாம் வகுப்பில் அடிப்படை உரிமைகள் பாடம் நடத்தும்போது, ‘சட்டத்தின் முன் அனைவரும் சமம்’ என்ற வரியை மாணவர்கள் எளிதாக ஒப்பித்துவிடுகிறார்கள். அதை அவர்கள் யோசித்துப் பார்க்க வேண்டும் என்று, இந்த ஆண்டு அமெரிக்கச் சட்டம் ஒன்றை எடுத்துக்கொண்டேன். கரும்பலகையில் இரண்டு வரிகள் எழுதினேன்.

தூள் கோகெயின் 500 கிராம் – 5 ஆண்டு சிறை.
கிராக் கோகெயின் 5 கிராம் – 5 ஆண்டு சிறை.

விற்பதற்காக வைத்திருப்போருக்கு 1986இல் விதிக்கப்பட்ட கட்டாயக் குறைந்தபட்சத் தண்டனை இது. தூளைச் சமையல் சோடாவுடன் காய்ச்சினால் கிடைப்பதே கிராக். தூள் விலை அதிகம். கிராக் சிறு அளவில் மலிவாக ஏழைகளின் தெருக்களில் விற்றது.

“விகிதம் என்ன?”

“100க்கு 1, சார்.”

“கறுப்பர், வெள்ளையர் என்ற சொல் இதில் இருக்கிறதா?”

“இல்லை, சார்.”

“அப்படியானால் எல்லோருக்கும் சமம்தானே?” பலர் தலையாட்டினர்.

பிறகு விளைவைச் சொன்னேன். 1990களில் கூட்டாட்சி நீதிமன்றங்களில் கிராக் வழக்குகளில் தண்டனை பெற்றவர்களில் பத்துக்கு எட்டுப் பேருக்கு மேல் கறுப்பினத்தவர். கிராக் பயன்படுத்தியோரில் ஏறத்தாழப் பாதிப் பேர் வெள்ளையர் என்றது அரசின் கணக்கெடுப்பு. காவல்துறை அதிகம் சோதனையிட்டது கறுப்பின ஏழைகளின் தெருக்களைத்தான். இத்தகைய கடும் தண்டனைச் சட்டங்கள் பெருகியதால், 1970களின் தொடக்கத்தில் சுமார் 3 லட்சமாக இருந்த சிறைவாசிகள் 2008இல் சுமார் 23 லட்சம் ஆனார்கள். விடுதலையான பிறகும் பலருக்கு வேலையும் வீடும் எட்டாமல் போயின. பல மாநிலங்களில் வாக்குரிமையும் போனது. 2010இல்தான் விகிதம் 18க்கு 1 எனக் குறைக்கப்பட்டது.

வகுப்பு அமைதியானது. ஒரு மாணவி எழுந்தாள். “சார், தாமதமா வந்தா வராண்டாவுல நிக்கணும்னு நீங்க சொன்னதும் எல்லாருக்கும் பொதுதானே? ஆனா தினமும் நிக்கிறது பஸ்ல வர்ற நாலு பேர்தான்.”

என்னிடம் பதில் இல்லை. அந்தப் பேருந்து வரும் நேரத்தை நான் ஒருநாளும் விசாரித்ததில்லை. மறுநாள் அந்த விதியை நீக்கினேன்.

நீங்களும் இதைச் செய்து பார்க்கலாம். உங்கள் வகுப்பு விதி ஒன்றை எழுதுங்கள். கடந்த மாதம் அதனால் தண்டனை பெற்றவர்களின் பெயர்களைப் பக்கத்தில் எழுதுங்கள். விதி சமமானதா என்பதை அந்தப் பெயர்கள் சொல்லும்.