எல்சாட் தேர்வை மறுபடி எழுதலாமா? சட்டக் கல்லூரிகள் எந்த மதிப்பெண்ணைப் பார்க்கின்றன?

அமெரிக்காவில் சட்டம் படிக்க ஆசைப்படும் பிள்ளைக்கு எல்சாட் மதிப்பெண் எதிர்பார்த்ததைவிடக் குறைந்து வந்தால், வீட்டில் உடனே எழும் கேள்வி இதுதான்: “இன்னொரு தடவை எழுதினால் காலேஜ்காரர்கள் தப்பாக நினைப்பார்களா?” பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெரும்பாலான சட்டக் கல்லூரிகள் தப்பாக நினைப்பதில்லை. பல முறை எழுதியிருந்தாலும் அதிகபட்ச மதிப்பெண்ணுக்குத்தான் அவை முதலிடம் தருகின்றன. அதனால் நீங்கள் கவலைப்பட வேண்டியது இரண்டே விஷயங்களுக்கு: மதிப்பெண் ஏறுமா? ஏறினால் அது நேரத்துக்குள் கல்லூரிக்குப் போய்ச் சேருமா?

நம்மில் பலருக்கு இருக்கும் தயக்கம் நம்மூர்ப் பழக்கத்திலிருந்து வருவது. அண்ணா பல்கலைக்கழகத்தில் டிஸ்டிங்ஷன் வேண்டுமென்றால் எல்லாத் தாளையும் முதல் அட்டெம்ப்டிலேயே முடித்திருக்க வேண்டும். ‘அரியர்’ என்ற சொல்லே ஒரு கரும்புள்ளி. எல்சாட்டில் பாஸும் இல்லை, ஃபெயிலும் இல்லை. 120-இலிருந்து 180 வரை ஓர் அளவுகோல். அதில் நீங்கள் எந்த இடத்தில் நிற்கிறீர்கள் என்பது மட்டுமே கேள்வி.

ஒரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். இந்தியாவில் சட்டப் பட்டம் வாங்கிவிட்டு ஓராண்டு எல்.எல்.எம். படிக்கப் போகிறவர்களுக்கு எல்சாட் தேவையில்லை. ஏதாவது ஓர் இளநிலைப் பட்டத்துக்குப் பிறகு மூன்றாண்டு ஜே.டி. படிக்கப் போகிறவர்களுக்கானதுதான் இந்தத் தேர்வு.

2006-இல் மாறிய விதி

அமெரிக்கச் சட்டக் கல்லூரிகளுக்கு அங்கீகாரம் தருவது அமெரிக்கன் பார் அசோசியேஷன். ஒவ்வொரு ஆண்டும் புதிதாகச் சேர்ந்த மாணவர்களின் எல்சாட் மதிப்பெண் விவரத்தைக் கல்லூரிகள் அதனிடம் ஒப்படைத்து, ஊரறிய வெளியிடவும் வேண்டும். 2006 வரை, பல முறை எழுதிய மாணவருக்குச் சராசரியைத்தான் கணக்கில் காட்ட வேண்டியிருந்தது. 155-உம் 165-உம் வாங்கியவரை 160 என்று எழுதுவார்கள். அந்த நாளில் முதல் தேர்வில் சறுக்கியது கடைசிவரை கூடவே வந்தது.

2006-இல் அந்த விதி மாறியது. அதிகபட்ச மதிப்பெண்ணைக் காட்டினால் போதும் என்றானது. 155-உம் 165-உம் வாங்கியவர் கல்லூரியின் கணக்கில் இப்போது 165 தான். பழைய 155 அந்தக் கணக்கில் எங்குமே வராது. மறுபடி எழுதியவரைக் கல்லூரி சந்தோஷமாக ஏற்றுக்கொள்வதற்கு இதுதான் காரணம். உங்கள் ஏற்றம் அவர்களுக்கும் லாபம்.

ஒரு புள்ளிக்கு இத்தனை மதிப்பு ஏன்?

கல்லூரிகள் வெளியிடும் அறிக்கையில் மூன்று எண்கள் முக்கியம்: மாணவர்களை மதிப்பெண் வரிசையில் நிறுத்தினால் கீழிருந்து கால் பங்கில் நிற்பவரின் மதிப்பெண், நட்டநடுவில் நிற்பவரின் மதிப்பெண், முக்கால் பங்கில் நிற்பவரின் மதிப்பெண். நடுவில் நிற்பதை மீடியன் என்கிறார்கள். யு.எஸ். நியூஸ் தரவரிசையும் இந்த மீடியனைத்தான் எடுத்துக்கொள்கிறது. 2023-இல் அதற்குக் கொடுக்கும் எடையை அது வெகுவாகக் குறைத்துவிட்டது. ஆனாலும் கல்லூரிகள் மீடியனை விட்டுக்கொடுப்பதில்லை. விண்ணப்பிக்கும் மாணவர்கள் முதலில் பார்ப்பது அந்த எண்ணைத்தான்.

ஓர் உதாரணம் போட்டுப் பார்ப்போம். ஒரு கல்லூரியில் 200 இடம். மீடியன் 165-இல் நிற்க வேண்டும் என்று அட்மிஷன் அலுவலகம் நினைக்கிறது. அப்படியானால் வகுப்பில் பாதிக்கு மேற்பட்டவர்கள் 165 அல்லது அதற்கு மேல் வாங்கியிருக்க வேண்டும். உங்கள் மதிப்பெண் 164 என்றால் நீங்கள் கீழ்ப் பாதியில் ஓர் இடத்தை நிரப்புகிறீர்கள். 165 என்றால் அவர்களுக்கு மேல் பாதியில் ஓர் ஆள் கிடைத்துவிட்டார். 164-க்கும் 165-க்கும் இடையில் இருப்பது ஏறத்தாழ ஒரு கேள்வி.

இதிலிருந்து ஒரு பாடம். பத்துப் புள்ளி ஏறினால்தான் மறுதேர்வுக்கு அர்த்தம் என்றில்லை. நீங்கள் குறிவைக்கும் கல்லூரியின் மீடியனுக்கு ஒன்றிரண்டு புள்ளி கீழே நிற்கிறீர்கள் என்றால் அந்தச் சின்ன ஏற்றமே பெரிய வித்தியாசம் செய்யும். ஏற்கெனவே முக்கால் பங்கு மதிப்பெண்ணைத் தாண்டிவிட்டீர்கள் என்றால் இன்னொரு தேர்வைவிட விண்ணப்பக் கட்டுரையை மெருகேற்றுவது நல்லது.

பணக் கணக்கு

முன்னணித் தனியார் சட்டக் கல்லூரிகளில் கல்விக் கட்டணம் மட்டும் ஆண்டுக்கு 70,000 டாலரைத் தாண்டுகிறது. இந்தியாவிலிருந்து மாணவர் விசாவில் போகிறவர்களுக்கு அமெரிக்க மத்திய அரசின் கல்விக் கடன் கிடையாது. தனியார் கடனுக்குப் பெரும்பாலும் அங்கேயே ஒருவர் ஜாமீன் நிற்க வேண்டும். எனவே ஸ்காலர்ஷிப் நமக்கு இரட்டிப்பு முக்கியம்.

பெரும்பாலான கல்லூரிகளில் திறமை அடிப்படையிலான ஸ்காலர்ஷிப் எல்சாட்டோடும் பட்டப்படிப்பு மதிப்பெண்ணோடும் பிணைந்தது. மீடியனுக்கு மேலே நிற்பவருக்குக் கட்டணத்தில் பெரும் பகுதி குறையலாம். கொஞ்சம் கீழே நிற்பவருக்கு இடம் மட்டும் கிடைக்கலாம். ஹார்வர்ட், யேல், ஸ்டான்ஃபோர்ட் மூன்றும் இதற்கு விதிவிலக்கு. அவை குடும்பத்தின் தேவையைப் பார்த்தே உதவி தருகின்றன. அங்கே மதிப்பெண் ஏறினால் உள்ளே நுழையும் வாய்ப்பு கூடும், உதவித்தொகை கூடாது.

அவர்கள் கண்ணுக்கு என்னென்ன தெரியும்?

அதிகபட்ச மதிப்பெண்ணுக்கு முதலிடம் என்றால் மற்றவை மறைந்துவிடும் என்று எண்ணிவிடாதீர்கள். தேர்வை நடத்தும் எல்சாக் அமைப்பு, செல்லுபடியாகும் ஐந்தாண்டுக் காலத்தில் நீங்கள் வாங்கிய எல்லா மதிப்பெண்ணையும் கல்லூரிக்கு அனுப்பும். வேண்டாம் என்று ரத்து செய்திருந்தால், மதிப்பெண் தெரியாது. ரத்து செய்தது தெரியும். ஒரேயொரு ரத்தை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. இரண்டு, மூன்று என்று சேர்ந்தால் கேள்வி எழும்.

தனிக் கட்டணம் கட்டி ‘ஸ்கோர் பிரிவியூ’ என்ற வசதியை வாங்கிக்கொள்ளலாம். மதிப்பெண்ணை நீங்கள் முதலில் பார்த்துவிட்டு, வைத்துக்கொள்வதா ரத்து செய்வதா என்று ஆறு நாளுக்குள் முடிவு செய்யலாம். ஆனாலும் பயத்தில் ரத்து செய்துவிடாதீர்கள். கையில் ஒரு மதிப்பெண் இருந்தால் அடுத்த தேர்வு நாளில் காய்ச்சலே வந்தாலும் விண்ணப்பம் நிற்காது.

சில கல்லூரிகள், குறிப்பாகப் போட்டி கடுமையான இடங்கள், அதிகபட்சத்தோடு முழு வரலாற்றையும் படிப்பதாகச் சொல்கின்றன. அவர்கள் படிப்பது எப்படி என்று பாருங்கள். 157, 156, 164 என்று மூன்று மதிப்பெண் இருக்கிறது. எல்சாக் ஒவ்வொரு மதிப்பெண்ணோடும் இரு பக்கமும் சுமார் மூன்று புள்ளி அகலத்தில் ஒரு வரம்பையும் தருகிறது. 157 என்றால் 154-இலிருந்து 160 வரை; 164 என்றால் 161-இலிருந்து 167 வரை. இரண்டும் ஒன்றையொன்று தொடவில்லை. அதிர்ஷ்டத்தில் வந்த ஏற்றம் என்று இதை ஒதுக்குவது கடினம். இடையில் ஏதோ மாறியிருக்கிறது. 162, 163, 162, 163 என்று போனால் கதை வேறு: உச்சத்தைத் தொட்ட பிறகும் எழுதிக்கொண்டே இருக்கிறார் என்று படும். அதனால் இடம் பறிபோகாது. செலவழித்த மாதங்கள்தான் நஷ்டம்.

ஜி.ஆர்.இ. என்ற இன்னொரு நுழைவுத் தேர்வை எழுதி எல்சாட்டை மறைத்துவிடலாமா என்றும் கேட்கிறார்கள். பல கல்லூரிகள் இப்போது ஜி.ஆர்.இ.யை ஏற்கின்றன என்பது உண்மை. ஆனால் செல்லுபடியாகும் எல்சாட் மதிப்பெண் ஒன்று இருந்தால் அது கல்லூரிக்குப் போகும். அவர்களும் அதைக் கணக்கில் எடுப்பார்கள். மறைக்க வழியில்லை.

எத்தனை முறை எழுதலாம்?

ஐந்தாண்டுக் காலத்துக்குள் ஐந்து முறை. வாழ்நாளில் மொத்தம் ஏழு முறை. ரத்து செய்த தேர்வும் இந்தக் கணக்கில் சேரும். 180 வாங்கிவிட்டவர் அந்தக் காலத்துக்குள் மறுபடி எழுத முடியாது. நடைமுறையில் இரண்டு அல்லது மூன்று முறை எழுதுவது சாதாரணம். நான்காவது தேர்வுக்குப் பணம் கட்டுமுன் இந்த முறை எது வேறாக இருக்கும் என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். ஒரு வரிகூட வரவில்லை என்றால் கட்டாதீர்கள்.

ஏறுமா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

இரண்டாம் முறை எழுதுகிறவர்களுக்குச் சராசரியாக இரண்டு, மூன்று புள்ளிதான் ஏறுகிறது. சிலருக்குப் பத்தைத் தாண்டும். சிலருக்கு இறங்கவும் செய்யும். நீங்கள் எந்தக் கூட்டம் என்பதை உங்கள் மாதிரித் தேர்வுகளே சொல்லும்.

கடைசியாக எழுதிய ஐந்து மாதிரித் தேர்வுகளை எடுங்கள். கடிகாரம் வைத்து, ஒரே அமர்வில், உண்மைத் தேர்வு போலவே எழுதியவை மட்டும். அவற்றின் சராசரி, வாங்கிய மதிப்பெண்ணைவிட மூன்று நான்கு புள்ளி கூடுதலாக இருந்தால் தயங்காமல் மறுபடி எழுதுங்கள். தேர்வு நாளில்தான் ஏதோ பிசகியிருக்கிறது. சராசரியும் வாங்கிய மதிப்பெண்ணும் ஒன்றாகவே இருந்தால் அதுதான் உங்கள் இன்றைய நிலை. படிக்கும் முறையை மாற்றாமல் தேதியை மட்டும் மாற்றிப் பயனில்லை.

முறையை மாற்றுவது என்றால் இப்படி: ஒரு மாதிரித் தேர்வு முடிந்ததும் விடைகளைப் பார்க்காதீர்கள். சந்தேகப்பட்ட கேள்விகளை மட்டும் கடிகாரம் இல்லாமல் மறுபடி போடுங்கள். பிறகு திருத்துங்கள். நிதானமாகப் போட்டபோது சரியாக வந்தது என்றால் உங்கள் பிரச்சினை வேகம். அப்போதும் தப்பு என்றால் பிரச்சினை புரிதல். இரண்டுக்கும் மருந்து வேறு வேறு. தப்பான விடைக்கு மதிப்பெண் கழிப்பதில்லை என்பதையும் மறக்காதீர்கள். எந்தக் கேள்வியையும் காலியாக விடக் கூடாது.

2024 ஆகஸ்டுக்கு முன்பு எழுதியவர்களுக்கு ஒரு தனிக் குறிப்பு. ‘லாஜிக் கேம்ஸ்’ என்று எல்லோரும் பயந்த பகுதி அந்த மாதத்திலிருந்து நீக்கப்பட்டுவிட்டது. மதிப்பெண் தரும் பகுதிகள் இப்போது தர்க்கம் இரண்டு, வாசிப்பு ஒன்று. மதிப்பெண்ணில் சேராத பகுதி இன்னொன்று. கேம்ஸில் மாட்டிக்கொண்டு மதிப்பெண் குறைந்தவர்கள் மறுபடி எழுத இதைவிட நல்ல காரணம் வேண்டாம். கேம்ஸால் மதிப்பெண் ஏறியவர்கள் புதிய வடிவத்தில் மாதிரித் தேர்வுகள் எழுதிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

நாட்காட்டியைப் பாருங்கள்

பெரும்பாலான கல்லூரிகள் செப்டம்பர் வாக்கில் விண்ணப்பங்களைத் திறந்து, வர வர பரிசீலித்து இடங்களை நிரப்பிக்கொண்டே போகும். கடைசித் தேதி பிப்ரவரி, மார்ச் என்று இருந்தாலும் அதற்குள் இடங்களும் ஸ்காலர்ஷிப் பணமும் கணிசமாகக் கரைந்திருக்கும். தேர்வு முடிந்து மதிப்பெண் வர ஏறத்தாழ மூன்று வாரம் ஆகும். எனவே முதல் தேர்வை ஜூனிலோ ஆகஸ்டிலோ வைத்துக்கொண்டால் தேவைப்பட்டால் அக்டோபர், நவம்பரில் மறுபடி எழுதியும் ஆரம்ப வரிசையிலேயே விண்ணப்பிக்கலாம்.

அடுத்த தேர்வுக்குப் பதிவு செய்திருந்தால் விண்ணப்பத்தில் அதைக் குறிப்பிடுங்கள். புதிய மதிப்பெண் வரும்வரை பொறுக்கும்படி கேட்கலாம். இருப்பதை வைத்தே பார்க்கும்படியும் கேட்கலாம். ஜனவரித் தேர்வை நம்பிக் காத்திருப்பதற்கு முன் அடுத்த ஆண்டு விண்ணப்பிப்பதையும் யோசியுங்கள். ஐந்து புள்ளி கூடுதலோடு ஓராண்டு தாமதமாகச் சேருவது பல குடும்பங்களுக்குப் பெருந்தொகையை மிச்சப்படுத்தும். வெயிட்லிஸ்டில் வைத்திருக்கிறார்களா? சில கல்லூரிகள் வசந்த காலத்தில் வரும் புதிய மதிப்பெண்ணையும் ஏற்கும், கேட்டுவிட்டு எழுதுங்கள்.

விளக்கக் குறிப்பு: நாலு வரி போதும்

மதிப்பெண்களுக்கு இடையே பெரிய வித்தியாசம் இருந்தால் ‘அடெண்டம்’ என்ற சிறு விளக்கத்தை இணைக்கலாம். கெடுப்பது இப்படி எழுதுவது: “முதல் தேர்வில் எனக்கு மிகவும் பதற்றமாக இருந்தது. அந்த மதிப்பெண் என் உண்மையான திறமையைக் காட்டவில்லை.” இது எல்லோரும் சொல்வது; எதையும் நிரூபிக்கவில்லை. உதவுவது இப்படி: “முதல் தேர்வின்போது முழுநேர வேலையில் இருந்தேன், வார இறுதியில் மட்டுமே படித்தேன். பிறகு மூன்று மாதம் விடுப்பு எடுத்து முழுத் தேர்வுகளாகப் பயிற்சி செய்தேன். இரண்டாவது மதிப்பெண் என் பயிற்சித் தேர்வுகளோடு பொருந்துகிறது.” காரணம், மாற்றம், பலன் மூன்றும் இருக்கின்றன, புலம்பல் இல்லை. இரண்டு, மூன்று புள்ளி ஏற்றத்துக்கு விளக்கமே வேண்டாம்.

முடிவெடுக்கும் முன்

குறிவைக்கும் கல்லூரிகளின் மூன்று எண்களையும் அவற்றின் இணையதளத்தில் எடுத்து வரிசையாக எழுதுங்கள். பக்கத்தில் உங்கள் மதிப்பெண். அதற்குப் பக்கத்தில் கடைசி ஐந்து மாதிரித் தேர்வுகளின் சராசரி. அந்தச் சராசரி உங்களை எந்தக் கல்லூரியிலாவது மீடியனுக்குக் கீழிருந்து மேலே கொண்டுபோகிறதா? தேர்வு தேதி அதற்கு இடம் கொடுக்கிறதா? இரண்டுக்கும் ஆம் என்றால் இன்றே பதிவு செய்யுங்கள்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். “திரும்பவுமா எழுதுகிறாய்?” என்று கேட்டால் பிள்ளை வெட்கத்தில் நல்ல வாய்ப்பை நழுவவிடும், இல்லையென்றால் கோபத்தில் தயாரில்லாமல் போய் எழுதும். “மாதிரித் தேர்வில் இப்போது எவ்வளவு வருகிறது?” என்று கேளுங்கள். பல லட்சம் ரூபாய் சார்ந்த இந்த முடிவை எடுக்க அந்தக் கேள்விதான் உதவும்.