கார் சாவிக்குள் ஒரு குட்டி கம்ப்யூட்டர்

அம்பத்தூர் ஓ.டி. மார்க்கெட்டில் காய்கறி வாங்கப் போன என் சித்தப்பா, காரின் ஒரே சாவியைத் தொலைத்துவிட்டு வந்தார். அவர் வாடகைக் கார் ஓட்டுபவர். செகண்ட் ஹேண்டில் வாங்கிய வண்டி. வாங்கும்போதே ஒரு சாவிதான் கொடுத்தார்கள். "இன்னொண்ணு வீட்ல தேடித் தர்றேன்" என்ற பழைய ஓனர் அதற்குப் பிறகு போனையே எடுக்கவில்லை. மறுநாள் விடிகாலை நான்கு மணிக்குப் பூந்தமல்லியிலிருந்து விமான நிலையத்துக்கு ஒரு சவாரி ஒப்புக்கொண்டிருந்தார். வண்டியோ மார்க்கெட் ஓரத்தில் நிற்கிறது.

எனக்கு போன் வந்தது. வீட்டில் கம்ப்யூட்டர் படித்தவன் என்றால் டிவி ரிமோட் முதல் கார் வரை எல்லாம் நம் தலையில்தானே! சாவி செய்பவர் ஒருவரை அழைத்துக்கொண்டு போனேன். அவர் பூட்டைப் பார்த்தே அரை மணி நேரத்தில் ஒரு சாவியை ராவி எடுத்தார். கதவு திறந்தது. ஸ்டார்ட்டர் சுற்றியது. என்ஜின் ஒரு உறுமல் உறுமிவிட்டு இரண்டே நொடியில் நின்றது. மறுபடி போட்டால் மறுபடி அதேதான். மீட்டர் பக்கத்தில் சாவி படம் போட்ட ஒரு சிவப்பு விளக்கு மட்டும் கண் சிமிட்டிக்கொண்டே இருந்தது.

சாவி செய்த பெரியவர் சொன்னார்: "தம்பி, நான் வெட்டினது சரிதான், கதவு திறக்குது பாரு. வண்டி சிப்பைக் கேக்குது. அது என் வேலை இல்ல, கம்பெனிக்குத்தான் போகணும்."

அந்த சிப்பைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கி பாஸ்வேர்ட், பயனர் பெயர் என்று பழகிக்கொண்டிருக்கும் உங்களுக்கு இது சுலபமாகவே புரியும். ஏனென்றால் காரும் கிட்டத்தட்ட அதையேதான் செய்கிறது.

பேட்டரி இல்லாமல் பேசும் சிப்

சாவியின் பிளாஸ்டிக் தலைக்குள், அரிசிமணியை விடக் கொஞ்சம் பெரிய கண்ணாடிக் குழலாகவோ கறுப்பு நிறச் சிறு துண்டாகவோ ஒரு பொருள் இருக்கும். அதன் பெயர் டிரான்ஸ்பாண்டர். கதவைத் தூரத்திலிருந்து திறக்கும் ரிமோட்டும் இதுவும் ஒன்றல்ல. ரிமோட்டுக்குப் பட்டன் பேட்டரி வேண்டும். டிரான்ஸ்பாண்டருக்கு வேண்டாம். ரிமோட் பேட்டரி தீர்ந்துபோன பிறகும் சாவியைப் போட்டுத் திருப்பினால் வண்டி கிளம்புவது இதனால்தான். இரண்டும் ஒரே சாவித் தலைக்குள் இருப்பதால் பலர் குழப்பிக்கொள்கிறார்கள்.

பேட்டரி இல்லாமல் எப்படி? சாவி நுழைக்கும் துளையைச் சுற்றிக் காருக்குள் ஒரு கம்பிச் சுருள் இருக்கிறது. சாவியைத் திருப்பியதும் அந்தச் சுருள் பெரும்பாலும் 125 கிலோஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஒரு காந்தப் புலத்தை உண்டாக்கும். சிப்பிலும் ஒரு குட்டிச் சுருள் உண்டு. அதில் மின்சாரம் தூண்டப்பட்டு சிப் விழித்துக்கொள்ளும். தன் பதிலைச் சொல்லும். சாவியை எடுத்ததும் உறங்கிவிடும். சென்னை மெட்ரோ ரயில் கார்டை வாசலில் தொட்டதும் கதவு திறப்பதும், பெங்களூர் நெடுஞ்சாலை டோல்கேட்டில் ஃபாஸ்டேக் வேலை செய்வதும் இதே குடும்பம்தான். அலைவரிசையும் தூரமும் மட்டும் வேறு. கார் சாவி சில சென்டிமீட்டர் தூரத்துக்குள்தான் பேசும்.

சிப் தரும் பதிலைக் கார் சரிபார்க்கும். சரியில்லை என்றால் என்ஜினை நடத்தும் கம்ப்யூட்டர் பெட்ரோலையோ தீப்பொறியையோ நிறுத்திவிடும். சில வண்டிகளில் ஸ்டார்ட்டரே சுற்றாது. இந்த ஏற்பாட்டுக்கு இம்மொபிலைசர் என்று பெயர். மாருதி இதற்கு ஐகேட்ஸ் என்று தனிப் பெயரே வைத்தது.

வீட்டில் நிற்கும் காரில் ஒரு சோதனை செய்து பார்க்கலாம். சமையலறை அலுமினியத் தாளை சாவித் தலை முழுவதும் சுற்றிவிட்டு ஒரே ஒரு முறை ஸ்டார்ட் செய்யுங்கள். டிரான்ஸ்பாண்டர் உள்ள சாவி என்றால் என்ஜின் பெரும்பாலும் ஓடாது. தாளை எடுத்துவிட்டால் பழையபடி ஓடும். (பெரிய உலோகச் சாவிக்கொத்து, அல்லது இன்னொரு காரின் சிப் சாவி பக்கத்திலேயே தொங்கினாலும் சில சமயம் இதே தொல்லை வரும்.)

பாஸ்வேர்டா, கேள்வி பதிலா?

முதலில் வந்த சிப்கள் எளிமையானவை. கார் எழுப்பியதும் தன் எண்ணைச் சொல்லும். எப்போது கேட்டாலும் அதே எண்தான். மாறாத பாஸ்வேர்ட் போல. ஒருமுறை அந்த எண்ணைப் படித்துவிட்டால் வேறொரு வெற்றுச் சிப்பில் எழுதிக்கொள்ளலாம்.

அடுத்து வந்தவை புத்திசாலிகள். கார் ஒவ்வொரு முறையும் புதிதாக ஓர் எண்ணைச் சொல்லும். சிப் அதை ஒரு ரகசியக் கணக்கில் போட்டு விடையை மட்டும் திருப்பித் தரும். உங்கள் பையனோடு இதை விளையாடிப் பாருங்கள். உங்கள் இருவருக்கும் மட்டும் தெரிந்த ரகசியம்: ஏழால் பெருக்கி, நான்கைக் கூட்டி, கடைசி இரண்டு இலக்கத்தை மட்டும் சொல்ல வேண்டும். நீங்கள் 23 என்றால் அவன் 65 என்பான். 58 என்றால் 10 என்பான். பக்கத்து அறையில் இருந்து 65 என்பதை ஒட்டுக்கேட்டவருக்கு அடுத்த கேள்விக்கு அது உதவாது. ரகசியம் காற்றில் வரவே இல்லை, விடைதான் வந்தது.

ஆனால் விதி தெரிந்த ஒருவர், பெருக்கும் எண்ணை மட்டும் 1, 2, 3 என்று வரிசையாகப் போட்டுப் பார்த்தால்? கண்டுபிடித்துவிடலாம். எனவே ரகசிய எண் மிகப் பெரியதாக இருக்க வேண்டும். உங்கள் கம்ப்யூட்டரில் கால்குலேட்டரைத் திறந்து சயின்டிபிக் முறைக்கு மாற்றுங்கள். 2-ன் அடுக்கு 40 என்று கணக்கிடுங்கள். 10,99,51,16,27,776 என்று வரும். அதாவது 1,09,951 கோடி. 40 பிட் ரகசியம் என்றால் இத்தனை சாத்தியங்கள். அம்மாடி என்று தோன்றுகிறதா? ஒரு நொடிக்கு ஒரு கோடி வீதம் சோதிக்கும் எந்திரத்துக்கு இது சுமார் முப்பது மணி நேர வேலைதான்.

நடந்ததும் அதுவே. டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனத்தின் 40 பிட் சிப்பை 2005-ல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகமும் ஆர்எஸ்ஏ ஆய்வகமும் சேர்ந்து உடைத்தன. எஃப்பிஜிஏ எனப்படும் மின்னணுப் பலகைகள் 16-ஐ ஒன்றாகப் பூட்டி, ஒரு மணி நேரத்துக்குள் ரகசிய எண்ணைக் கண்டுபிடித்து, ஒரு ஃபோர்டு காரைக் கிளப்பியும் காட்டினார்கள். 48 பிட் உள்ள ஹிடேக்2 சிப்பின் கணக்கில் இருந்த ஓட்டைகளால் ஆறே நிமிடத்தில் அதை உடைக்கலாம் என்று 2012-ல் வேறொரு குழு நிரூபித்தது. 96 பிட் மெகாமாஸ் சிப் பற்றிய கட்டுரையை 2013-ல் வெளியிட விடாமல் வோக்ஸ்வேகன் இங்கிலாந்து நீதிமன்றத்தில் தடை வாங்கியது. 2015-ல்தான் அது வெளிவந்தது. பிட் அதிகம் என்பது மட்டும் போதாது, கணக்கும் ஒழுங்காக இருக்க வேண்டும் என்பது என்னைப் போன்ற சாப்ட்வேர்காரர்களுக்கு இதில் கிடைத்த பாடம்.

இத்தனை ஓட்டை இருந்தால் சிப் எதற்கு என்று கேட்கலாம். சிப் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை அமெரிக்கா காட்டிவிட்டது. அங்கே 2015-ம் ஆண்டு மாடல்களில் ஹூண்டாய், கியா தவிர்த்த மற்ற கார்களில் 96 சதவீதத்தில் இம்மொபிலைசர் இருந்தது. இந்த இரண்டு நிறுவனங்களிலோ 26 சதவீதத்தில்தான். பூட்டைப் பெயர்த்துவிட்டு, செல்போன் சார்ஜ் செய்யும் யுஎஸ்பி ஒயர் முனையால் திருகியே அந்தக் கார்களைக் கிளப்பும் வித்தை 2022-ல் வீடியோக்களாகப் பரவியது. பள்ளிப் பிள்ளைகள் கூடத் திருடினார்கள். 2023-ல் அந்த நிறுவனங்கள் சாப்ட்வேர் அப்டேட் கொடுக்கவும் இழப்பீட்டுக்கு ஒப்புக்கொள்ளவும் வேண்டியதாயிற்று.

புது சாவியை கார் எப்படி அறிந்துகொள்கிறது?

டூப்ளிகேட் சாவி விஷயத்தில் இரண்டு வழிகள் உண்டு. ஒன்று நகல் எடுப்பது. பழைய சாவியின் எண்ணையும் ரகசியத்தையும் புது சிப்பில் எழுதுவார்கள். காருக்கு இரண்டும் ஒரே சாவிதான், வித்தியாசம் தெரியாது. பின்னால் ஒன்று தொலைந்து அதை நீக்கச் சொன்னால் இரண்டுமே போய்விடும்.

இன்னொன்று பதிவு செய்வது. கம்ப்யூட்டரில் புது பயனரைச் சேர்ப்பது போல. ஸ்டீயரிங்குக்குக் கீழே 16 பின் கொண்ட ஓபிடி சாக்கெட் இருக்கும். அதில் கருவியைச் சொருகி, அந்தக் காருக்கே உரிய பின் கோடைக் கொடுத்தால்தான் சாவிப் பட்டியல் திறக்கும். நிர்வாகி பாஸ்வேர்ட் என்று வைத்துக்கொள்ளுங்கள். பட்டியல், மின்சாரம் போனாலும் அழியாத ஈஈபிராம் என்ற நினைவகத்தில் எழுதப்படும். பல கார்களில் பழைய பட்டியல் முழுவதையும் அழித்துவிட்டே புதிதாக எழுதுவார்கள். எனவே வீட்டில் உள்ள எல்லாச் சாவிகளையும் கையோடு கொண்டு போக வேண்டும். பீரோவில் மறந்த சாவி அதோடு செத்த சாவி.

ஃபோர்டு தன் கார்கள் சிலவற்றில், பதிவான இரண்டு சாவி கையில் இருந்தால் மூன்றாவதைச் சொந்தக்காரரே சேர்க்கும் வசதியை வைத்திருந்தது. ஒரே சாவி வைத்திருப்பவருக்கு அந்த வசதியும் கிடையாது. ஒன்றுமே இல்லாதவர் பாடு திண்டாட்டம். புதுப்பேட்டையில் பழைய என்ஜின் கம்ப்யூட்டர் வாங்கி மாட்டிவிடலாமே என்று சித்தப்பாவின் நண்பர் ஒருவர் யோசனை சொன்னார். அது வேறொரு காரின் சாவியைத் தேடும் பெட்டி. அதையும் இந்தக் காரோடு சேர்த்துப் பதிய வேண்டும்.

நானும் ஒரு முட்டாள்தனம் செய்யப் பார்த்தேன். இணையத்தில் மலிவாக ஒரு சாவி புரோகிராமர் கண்ணில் பட்டது. அதற்கான சாப்ட்வேரை டவுன்லோட் செய்தால், முதலில் ஆன்டிவைரஸை நிறுத்து என்றது. அதோடு மூடிவிட்டேன். இதை நீங்கள் எங்கே பார்த்தாலும் மூடிவிடுங்கள். கிராக் செய்த சாப்ட்வேர் உங்கள் கம்ப்யூட்டரையும் கெடுக்கும், பாதியில் நின்றால் காரின் நினைவகத்தையும் கெடுக்கும். கார் பேட்டரி பலவீனமாக இருக்கும்போது பதிவு செய்வதும் ஆபத்துதான்.

கடைசியில் வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு கம்பெனி சர்வீஸ் சென்டருக்குப் போனோம். ஆர்.சி. புத்தகம், சித்தப்பாவின் அடையாள அட்டை எல்லாம் பார்த்துவிட்டுத்தான் பின் கோடுக்கு எழுதிப் போட்டார்கள். அப்போது எரிச்சலாக இருந்தது. ஆனால் யார் கேட்டாலும் உடனே கொடுத்தால் அது என்ன பூட்டு? மூன்று நாள் வருமானம் போயிற்று. விமான நிலையச் சவாரியை இன்னொருவர் ஓட்டினார். இரண்டு புது சாவி வாங்கினோம், தொலைந்ததைப் பட்டியலிலிருந்து எடுக்கச் சொன்னோம். இதை நாமாகக் கேட்டு உறுதி செய்துகொள்வது நல்லது.

நீங்கள் செகண்ட் ஹேண்ட் கார் வாங்குவதாக இருந்தால், பணம் கொடுக்கும் முன்பே இரண்டு சாவியையும் கேட்டு வாங்கி, இரண்டாலும் ஸ்டார்ட் செய்து பாருங்கள். வண்டி திருடு போனால் இன்சூரன்ஸ்காரர்களும் பொதுவாக இரண்டு சாவியையும் கேட்பார்கள். சாவியோடு வரும் சிறு எண் தகட்டையும், பின் கோடு அட்டை இருந்தால் அதையும் காருக்குள் வைக்காமல் வீட்டில் வையுங்கள். அட்டையை செல்போனில் படம் எடுத்து ஊருக்கெல்லாம் அனுப்ப வேண்டாம்.

பத்து நாள் கழித்து தொலைந்த சாவி கிடைத்தது. காய்கறிப் பையின் உள் தையலுக்குள் விழுந்திருக்கிறது. ஆவடி வீட்டு வாசலில் நிற்கும் காரில் போட்டுப் பார்த்தோம். கதவு திறந்தது. என்ஜின் இரண்டு நொடி உறுமிவிட்டு நின்றது, சிவப்பு விளக்கு சிமிட்டியது. சித்தப்பா அதில் ஒரு நூலைக் கட்டி வைத்துவிட்டார். டிக்கியில் இருந்து சாமான் எடுக்கச் சொல்லிப் பையனிடம் அனுப்பும்போது இப்போது அந்தச் சாவியைத்தான் கொடுக்கிறார்.