வைகை எங்கே தொடங்குகிறது?

வைகை எங்கே தொடங்குகிறது என்று கேட்டால் ‘வருசநாட்டு மலை’ என்போம். மார்க்கும் கிடைக்கும். ஆனால் அது பாதி பதில்தான்!

போன மழைக்கு எங்க மொட்டைமாடியில் நேரான டப்பா ஒன்றை வைத்தேன். காலையில் ஸ்கேல் வைத்துப் பார்த்தால் 2 செ.மீ. தண்ணீர். ஒரு சதுர மீட்டரில் 1 மி.மீ. மழை பெய்தால் அது 1 லிட்டர். ஒரு ஏக்கர் என்பது சுமார் 4,047 சதுர மீட்டர். பெருக்கிப் பாருங்கள், ஏக்கருக்கு ஏறக்குறைய 81,000 லிட்டர்!

இதில் கொஞ்சம் மண் குடிக்கும், கொஞ்சம் ஆவியாகும். மீதி சரிவு பார்த்து வரத்துக்கால் வழியாகக் கண்மாய்க்குப் போகும். கண்மாய் நிறைந்து மறுகால் பாய்ந்தால் வைகைதான். இப்படி ஓர் ஆற்றுக்குத் தண்ணீர் தரும் நிலம் முழுவதும் அதன் வடிநிலம். 258 கி.மீ. ஓடும் வைகைக்கு எங்க தெருவும் ஒரு தொடக்கம்!

ஆனால் எங்க கண்மாய்க்கு அன்று தண்ணீரே வரலை. ஏன்னு போய்ப் பார்த்தேன். வரத்துக்கால் முழுக்க சீமைக்கருவேலும் குப்பையும். அதில் எங்க வீட்டுக் குப்பைப் பையும் கிடந்தது! வெட்கமாப் போச்சு. எடுத்துட்டு வந்துட்டேன்.

அடுத்த மழையில் உங்க தெருத் தண்ணீர் எங்கே போகுதுன்னு பின்னாடியே போய்ப் பாருங்களேன்!

– ஒன்பதாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவி