கணுக்காற் காப்பு

விளையாட்டு உடலுக்கு உரமூட்டும். ஆயின், மெல்லோட்டத்தால் உடலை ஆயத்தம் செய்யாது களம் புகுவார்க்கு ஊறு நேர்தலும் உண்டு. சடுகுடு ஆடுவோன் விரைந்து திரும்புங்கால் பாதம் உட்புறமாக மடங்க, எலும்புகளைப் பிணைக்கும் வெளிப்புற நார்கள் அளவிறந்து இழுபட்டுச் சிதையும். இதுவே கணுக்காற் சுளுக்கு.

சுளுக்குற்றவுடன் ஆட்டத்தை நிறுத்துதல் வேண்டும். காலை உயர்த்தி வைத்து, வீக்கம் தணியக் கட்டுத்துணி சுற்றுதல் நலம். அன்றே அழுத்தி உருவுதல் தீது. காலூன்றி நான்கடி நடக்க இயலாதாயின், எலும்பு முறிந்திருத்தலும் கூடும். மருத்துவரை நாடுதல் கடன்.

1978-ஆம் ஆண்டில் ஓய்வையும் பனிக்கட்டியையும் வற்புறுத்திய அமெரிக்க மருத்துவர் கேப் மிர்க்கின், அவை குணமாதலைத் தாமதப்படுத்தவும் கூடும் என்று 2014-ஆம் ஆண்டில் தம் கருத்தைத் தாமே திருத்திக்கொண்டார். ஆதலின், வலி தணியத் தணியக் காலை மெல்ல இயக்குமாறு இயன்முறை மருத்துவர் பயிற்றுவிப்பர். பின்னர் ஒற்றைக் காலில் நின்று சமநிலை பழகுதல் வேண்டும். மூட்டில் மழுங்கிய நிலையுணர்வு அதனால் மீளும்.

வலி நீங்கியமையே வலிமை என்று மயங்கி உடனே களம் புகுவோன், மீண்டும் அவ்விடத்தே ஊறுபடுதல் எளிது. பொறுத்துப் பயில்வோனே நெடுங்காலம் ஆடுவான்.